கல்யாணம் சேலத்தில், குடித்தனம் பெங்களூரில்: மணமுறிவு குறித்த சட்டக் கேள்விகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரில் நடக்கும் குடும்ப வழக்குகளுக்குத் தமிழ் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்ட முத்திரைத்தாள், நள்ளிரவில் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய வசை என்று எல்லாமே என் மேசைக்கு வருகின்றன. நான் வழக்குரைஞன் அல்லன். இது வழக்குரைஞரின் ஆலோசனைக்கு மாற்றும் அன்று. ஆனால் அவர் எதிரில் போய் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், கையில் எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இது உதவும்.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ‘எத்தனை மாதத்தில் முடியும்’ என்றுதான். அதற்கு விடை சொல்வதற்கு முன்னால் எந்தச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்ற இரண்டும் தெளிவாக வேண்டும். பெண் சேலம், மாப்பிள்ளை வேலூர், கல்யாணம் திருப்பத்தூர், குடித்தனம் பெங்களூர் விவேக் நகர் என்று இரண்டு மாநிலங்களில் பரவிக் கிடக்கும் வாழ்க்கையில், இரண்டாவது கேள்விதான் வழக்கின் போக்கையே பல நேரங்களில் தீர்மானிக்கிறது.

முதற்படி: உங்கள் திருமணத்துக்கு எந்தச் சட்டம்?

இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பொருந்தும். பதிவாளர் முன்னிலையில் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணந்தவர்களுக்கு, மதம் எதுவானாலும், 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே பொருந்தும். கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம். பரஸ்பர சம்மதத்துக்கு முன் இரண்டு ஆண்டுகள் பிரிந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் சொன்னதை, மற்றவர்களுக்கு இருப்பதுபோல ஓராண்டு என்றே கொள்ள வேண்டும் என 2014இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முஸ்லிம் பெண்கள் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்தை நாடலாம். குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு), முபாரத் (இருவரும் ஒப்பிப் பிரிவது) ஆகிய வழிகளும் உண்டு. ஒரே மூச்சில் மும்முறை சொல்லும் தலாக் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் செல்லாது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றமும் ஆகும். இனி வருவனவற்றில் பெரும்பகுதி இந்து திருமணச் சட்டத்தையே ஒட்டியது. மற்றவர்கள் தத்தம் சட்டத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு ஐயங்கள் அடிக்கடி எழுகின்றன. பதிவு செய்யாத திருமணம் செல்லாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சடங்குகள் முறைப்படி நடந்திருந்தால், பதிவு இல்லாத ஒரே காரணத்தால் இந்துத் திருமணம் செல்லாததாகிவிடாது. அப்போது பத்திரிகை, புகைப்படம், மண்டப ரசீது, வந்திருந்த உறவினரின் சாட்சியம் ஆகியவை அந்த இடத்தை நிரப்பும். இன்னொன்று சுயமரியாதைத் திருமணம். 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால், புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ தமிழ்நாட்டில் நடந்த திருமணம் சட்டப்படி செல்லும். அத்திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது என்பதால், அதே முறையில் பெங்களூரில் ஒரு மண்டபத்தில் நடந்த திருமணமாக இருந்தால், மனு எழுதுவதற்கு முன்பே வழக்குரைஞரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

முத்திரைத்தாளில் ‘தீர்த்துவிட்டால்’ போதுமா?

என் மேசைக்கு வரும் தாள்களில் எனக்கு மிகுந்த சங்கடத்தைத் தருவது இதுதான். ஊர்ப் பெரியவர்கள் கூடி, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ‘இனி ஒருவருக்கொருவர் எவ்விதப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, நோட்டரியின் முத்திரையும் வாங்கியிருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து, மறுமணம் நடந்து குழந்தையும் பிறந்த பிறகு, பாஸ்போர்ட்டுக்கோ ஓய்வூதியத்துக்கோ போகும்போதுதான் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்று தெரியவரும். தங்கள் சமூகத்தில் வழக்கமாக நிலவிவரும் மணமுறிவு முறையை இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்து வந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவர் தலையில்தான் விழும். அது எளிதான காரியம் அன்று. நோட்டரி முத்திரை கையெழுத்தை உறுதி செய்யுமே தவிர, திருமணத்தை முறிக்காது. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டால், இரண்டாம் திருமணம் செல்லாததாவதோடு குற்ற வழக்கும் வரலாம்.

இரண்டாம் படி: எந்த ஊரில் தாக்கல் செய்வது?

இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு முக்கியமாக நான்கு இடங்களைச் சொல்கிறது: திருமணம் நடந்த இடம், எதிர்த்தரப்பினர் இப்போது வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், மனுதாரர் மனைவியானால் அவர் இப்போது வசிக்கும் இடம். கடைசியாகச் சொன்னது 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்ட பெண்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கணவர் இன்னும் பெங்களூரில் இருக்கிறார், மனைவி திருப்பத்தூரில் தாய்வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி திருப்பத்தூரிலேயே வழக்குப் போடலாம். கணவர், கடைசியாகக் குடித்தனம் நடத்திய ஊர் என்ற முறையில், பெங்களூரில் போடலாம். இருவரும் போட்டுவிட்டால் இரண்டு மாநிலங்களில் இரண்டு வழக்குகள் நடக்கும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. குழந்தை, வருமானமின்மை, தனியே பயணம் செய்வதில் உள்ள சிரமம் ஆகியவற்றைக் காட்டி மனைவி கேட்கும் மாற்றத்தை உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் அனுமதிக்கிறது. ஆகவே, பெங்களூரில் முந்திக்கொண்டு போட்டால் எதிர்த்தரப்பை அலைய வைக்கலாம் என்று எண்ணி வழக்குத் தொடுப்பவர், கடைசியில் தாமே வாய்தாவுக்கு வாய்தா பேருந்தேறும் நிலைக்கு ஆளாவதுண்டு.

ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்று வாழ்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் பார்ப்பது வீட்டை, அலுவலகத்தை அன்று. மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரில் கடைசியாகக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு, பெங்களூரில் வேலை என்பதால் மட்டும் பெங்களூர் நீதிமன்றம் கிடைத்துவிடாது. குடும்ப வன்முறைச் சட்டம் இதற்கு விலக்கு: அதன்படி, பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும், வேலை பார்க்கும் இடத்திலும்கூட மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம்.

பெங்களூரின் குடும்ப நீதிமன்றம் எச். சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுல கட்டடத்தில் இயங்குகிறது. 2007இல் தொடங்கிய பெங்களூர் சமரச மையமும், இலவசச் சட்ட உதவி தரும் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையமும் அதே கட்டடத்தில்தான் இருக்கின்றன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானச் சான்று எதுவும் காட்டாமலே இலவச வழக்குரைஞரைக் கேட்டுப் பெறலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் படி: பரஸ்பர சம்மதமா, வழக்காடுவதா?

இருவரும் ஒப்புக்கொண்டால் 13பி பிரிவின்படி கூட்டு மனு. அதற்கு மூன்று நிபந்தனைகள்: ஓராண்டுக்குக் குறையாமல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியாத நிலை இருக்க வேண்டும், பிரிவதற்கு இருவரும் மனமொப்பியிருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் தனித்தனி வீடு என்று பொருள் இல்லை. கணவன் மனைவி என்ற உறவு இல்லாமல் ஒரே கூரையின்கீழ் இருப்பதும் பிரிந்து வாழ்வதே என்று உச்ச நீதிமன்றம் 1991இல் விளக்கியிருக்கிறது. பெங்களூர் வாடகையில் இரண்டு வீடு பிடிக்க முடியாதவர்களுக்கு இது முக்கியமான விளக்கம்.

மனுவைத் தாக்கல் செய்தபின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து அதே முடிவில் இருப்பதைச் சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. முடியும். அமர்தீப் சிங் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவகுத்தது: முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டுப் பிரிவு முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சிகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை, மற்ற விவகாரங்கள் எல்லாம் மெய்யாகவே தீர்ந்திருக்க வேண்டும், மேலும் காத்திருப்பது வேதனையை நீட்டுமே தவிர வேறெதற்கும் பயன்படாது என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். முதல் மனு கொடுத்த ஒரு வாரத்துக்குப் பிறகு இதற்கான விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். தள்ளுபடி தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை. மண்டபத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு வருபவர்களுக்கு இதைச் சொல்லி மாளாது.

இறுதித் தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் அந்த 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பே சொல்கிறது. ஆகவே முதல் மனுவன்றே முழுத் தொகையையும் கொடுத்துவிடுவதும், ஒரு ரூபாய்கூட வாங்காமல் எல்லாக் கையெழுத்தையும் போட்டுவிடுவதும் சரியல்ல. ஒரு பகுதி முதல் மனுவின்போது, மீதி இரண்டாம் விசாரணையன்று நீதிமன்றத்திலேயே வங்கி வரைவோலையாக என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே நடைமுறை.

ஒருவர் மட்டுமே பிரிய விரும்பினால் 13ஆம் பிரிவின் காரணங்களில் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டும். கொடுமை, இரண்டாண்டு கைவிடல், தகாத உறவு, மதமாற்றம், கடுமையான மனநோய் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தகாத உறவு 2018 முதல் குற்றம் அன்று. ஆனால் மணமுறிவுக்கான காரணமாக அது அப்படியே நீடிக்கிறது. ‘எங்களுக்குள் ஒத்துவரவில்லை’ என்பது மட்டும் குடும்ப நீதிமன்றத்தில் காரணமாகாது. மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணம் என்ற அடிப்படையில் தீர்ப்பளிக்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது, அரசியல் சாசனத்தின் 142ஆம் உறுப்பு அந்த நீதிமன்றத்துக்கு மட்டும் தரும் அதிகாரத்தைப் பற்றியது. கீழ் நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. திருமணமாகி ஓராண்டு முடியும்வரை, விதிவிலக்கான துன்பம் இருந்தாலன்றி, மணமுறிவு மனுவே போட முடியாது.

நோட்டீஸை வாங்காமல் இருந்தால் வழக்கு நின்றுவிடுமா?

நிற்காது. கதவைத் திறக்காமலும், ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று அக்கம்பக்கத்தாரைச் சொல்ல வைத்தும் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள், ஒருதலைப்பட்சமான தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறார்கள். அதை நீக்கக் கோரி மனுக் கொடுக்க முப்பது நாள்தான் அவகாசம். அதற்குமேல் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். சம்மன் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் சி.என்.ஆர் எண் கையில் இருந்தால், நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் அடுத்த வாய்தாவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: ஆவணங்களும் மொழியும்

கர்நாடகத்தின் கீழ் நீதிமன்றங்களில் கன்னடமும் ஆங்கிலமும்தான் புழக்கம். தமிழில் உள்ள எந்தத் தாளும் மொழிபெயர்ப்போடுதான் போக வேண்டும். கூண்டில் தமிழில் சாட்சி சொல்ல விரும்பினால் முன்கூட்டியே வழக்குரைஞர் மூலம் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அரைகுறைக் கன்னடத்தில் ‘ஹௌது’ (ஆமாம்) என்று தலையாட்டிய ஒரு பதில், குறுக்கு விசாரணையில் எழுத்தில் ஏறிவிட்டால் அதை அழிப்பது கடினம்.

கைப்பேசிச் சான்றுகளைப் பற்றி ஒரு சொல். வாட்ஸ்ஆப் உரையாடலின் படத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பது போதாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கான சான்றிதழை இணைக்க வேண்டும். மூலச் செய்தி உள்ள கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். கணவன் மனைவியரிடையே ரகசியமாகப் பதிவு செய்த பேச்சைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஏற்கலாம் என்பதற்கு நம்பியே தீரவேண்டும் என்று பொருள் இல்லை. பேச்சுக்கு முன்னும் பின்னும் வெட்டியிருக்கிறதா என்பதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் கிளறும்.

ஐந்தாம் படி: பணம், நகை, வீடு

வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வருமானம் இல்லாத கணவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. மனைவியும் குழந்தைகளும், முதிய பெற்றோரும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழும் கேட்கலாம். மணமுறிவு பெற்று மறுமணம் செய்துகொள்ளாத முஸ்லிம் பெண்களுக்கும் பழைய பிரிவு பொருந்தும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. கட்டத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை என்பது இந்த வழியின் பலம்.

எவ்வளவு கிடைக்கும்? ‘சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு’ என்று டீக்கடையில் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2017இல் ஒரு வழக்கில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அடிக்கடி மேற்கோளாகிறது. அது அளவுகோல், விதி அன்று. அதைவிட முக்கியமானது 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு. அதன்படி இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன், வருமானம், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம், விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து கணக்கிடப்படும். ஐ.டி. நிறுவனத்தில் இருப்பவர்கள் பங்கு ஒதுக்கீட்டையும் ஊக்கத் தொகையையும் விட்டுவிட்டு மாதச் சம்பளத்தை மட்டும் காட்டுவது பழைய தந்திரம். மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கையும் படிவம் 16ஐயும் கேட்டால் அது வெளியே வந்துவிடும்.

நகையைப் பொறுத்தவரை, பெண்ணுக்குப் பிறந்த வீட்டாரும் புகுந்த வீட்டாரும் கொடுத்த சீதனம் முழுக்க அவளுடையது. மாமியார் பீரோவில் இருந்தாலும் அவர் வெறும் காப்பாளர்தான். சிக்கல் மெய்ப்பிப்பதில்தான். மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பட்டியலிட வேண்டும் என்று வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நம் கல்யாணங்களிலோ நூற்றியொரு ரூபாய் மொய்யையும் நோட்டில் எழுதிவைப்பார்கள், ஐம்பது பவுன் நகைக்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பம், வங்கி லாக்கர் பதிவு, அடகு ரசீது ஆகியவற்றை இப்போதே தேடி எடுங்கள்.

கணவரின் சொத்தில் மனைவிக்குப் பாதி என்பது, கோவா நீங்கலாக, நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. கூட்டாக இருந்தால் பத்திரத்தில் உள்ளபடி பங்கு. உரிமை வேறு, குடியிருப்பது வேறு. மாமனார் பெயரில் உள்ள வீடானாலும், அது இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீடானால், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அதில் தங்கும் உரிமையை மனைவி கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. கூட்டு வீட்டுக் கடன் இருந்தால், ‘இனி தவணையை அவர் கட்டுவார்’ என்று நீங்கள் எழுதிக்கொள்ளும் வரி வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி உங்கள் பெயரை நீக்கிக் கடிதம் தரும்வரை நீங்களும் கடனாளிதான். பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் இருந்தால், சொத்து எங்கே இருக்கிறதோ அந்தச் சார்பதிவாளரிடம் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டியிருக்கும் என்பதால், அதற்கான நாளையும் செலவை ஏற்பவரையும் ஒப்பந்தத்திலேயே குறித்துவிடுங்கள்.

ஆறாம் படி: குழந்தைகள்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்குமேல் அப்பாவா அம்மாவா என்ற கேள்விக்கு முன் குழந்தையின் நலன் நிற்கிறது. பத்து வயதுக் குழந்தையிடம் நீதிபதி தம் அறையில் தனியே பேசுவது வழக்கம். முந்தின இரவு வீட்டில் சொல்லிக்கொடுத்த வாசகங்களை நீதிபதிகள் எளிதில் இனங்கண்டுவிடுவார்கள்.

கூட்டு மனு ஒப்பந்தங்களில் நான் பார்க்கும் மிகப் பெரிய குறை, ‘தந்தை குழந்தையை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஒற்றை வரி. எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே ஒப்படைப்பது, பொங்கலுக்கு யாரிடம், தசரா விடுமுறையில் எத்தனை நாள், தாய் கோயம்புத்தூருக்கு மாறினால் என்ன செய்வது, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், பள்ளிக் கட்டணம் உயர்ந்தால் யார் கட்டுவது என்பதையெல்லாம் எழுதாமல் விட்டால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அந்த ஒரு வரிக்காகவே மறுபடியும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். ‘குழந்தைக்கு எதிர்காலத்தில் எதுவும் கேட்க மாட்டேன்’ என்று தாய் எழுதிக்கொடுத்தாலும் அது குழந்தையின் உரிமையைப் பறிக்காது. காவல், சந்திப்பு, பராமரிப்பு ஆகிய மூன்றையும் சூழ்நிலை மாறும்போது மாற்றியமைக்கக் கேட்கலாம்.

ஏழாம் படி: தீர்ப்புக்குப் பிறகு

வழக்காடிப் பெற்ற தீர்ப்பானால், மேல்முறையீட்டுக் காலம் முடிவதற்குள் மறுமணம் செய்யக் கூடாது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் தருகிறது. 90 நாள் பொறுத்து, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு எதுவும் பதிவாகவில்லை என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே பாதுகாப்பு. பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. வரதட்சிணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால் மணமுறிவால் அது தானாக முடியாது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் தனி மனுத் தேவை என்பதால், அதற்கு ஒத்துழைப்பதாக ஒரு பிரிவை ஒப்பந்தத்தில் முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் உள்ள வாரிசு நியமனத்தை அந்த வாரமே மாற்றிவிடுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் குறைந்தது மூன்று வாங்கி வையுங்கள்: பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, ஊரில் பெற்றோர் பீரோவில் வைக்க ஒன்று. தமிழ்நாட்டு அலுவலகங்களில் காட்ட வேண்டிவரும் தீர்ப்பு கன்னடத்தில் இருந்தால், அதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பை அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்துத் தேடும்போது வழக்கு எண்ணே பலருக்கு மறந்துபோயிருக்கிறது.